கோப்பாகக் கட்டும் முன்: வலை நிரல் எழுத வரும் தம்பி தங்கைகளுக்குப் 12 அறிவுரைகள்

"டவுன்லோட்" பொத்தான் ஒன்றைப் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். படிவத்தோடு ஒளிப்படத்தையும் சேர்த்து சர்வருக்கு அனுப்பச் சொல்வார்கள். இணையம் இல்லாதபோது பிரவுசரிலேயே தரவைச் சேமித்து வைக்கச் சொல்வார்கள். பார்க்க மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஆனால் மூன்றிலும் உங்கள் நிரலுக்குள் ஆப்ஜெக்டாகவும் அரேயாகவும் இருக்கும் தரவு, பைட்டுகளின் வரிசையாகி ஒரு கோப்பாக வெளியேற வேண்டும்.

இணையத்தில் தேடினால் இதற்கு நான்கு வரி நிரல் கிடைக்கும். எடுத்து ஒட்டினால் ஓடவும் செய்யும். ஓடுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோப்பு உங்கள் நிரலை விட்டுப் போய்விடும். அதைத் திறப்பவருக்கு உங்கள் நிரலில் எந்த மாறிக்கு என்ன பொருள் என்று தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது அத்தனையும் அந்தப் பைட்டுகளிலேயே இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு பொறுப்பிலிருந்து பிறந்தவை.

1. பிளாப் எதையும் மாற்றித் தராது. கொடுத்ததைக் கட்டி வைக்கும்

பிரவுசரில் பைட்டுகளைச் சுமக்கும் பொருளுக்குப் பிளாப் என்று பெயர். அதை உருவாக்கும்போது இரண்டு கொடுக்கிறோம்: துண்டுகள் அடங்கிய ஓர் அரே, உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும் ஒரு குறிப்பு. துண்டு என்பது ஸ்ட்ரிங்காக இருக்கலாம், அரேபஃபராக இருக்கலாம், யூஇன்ட்8அரே போன்ற டைப்டு அரேயாக இருக்கலாம், இன்னொரு பிளாப்பாகவும் இருக்கலாம். இவற்றின் பைட்டுகளை வரிசையாக ஒட்டி வைப்பது மட்டுமே அதன் வேலை. ஒருமுறை உருவான பிளாப்பின் உள்ளே எதையும் திருத்த முடியாது.

விதைநெல்லைக் கோட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காயவைப்பதும் தூற்றிப் பதர் நீக்குவதும் வைக்கோல் பிரி சுற்றும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கட்டிய பிறகு உள்ளே இருப்பது இருப்பதுதான்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுவே. ஆப்ஜெக்டை அப்படியே அரேக்குள் வைத்துப் பிளாப் செய்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை ஸ்ட்ரிங்காக்கி, சதுர அடைப்புக்குள் "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதி வைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. 10,000 வரிகள் கொண்ட தரவைக் கொடுத்தாலும் கோப்பின் அளவு 15 பைட்தான். எண்கள் அடங்கிய சாதாரண அரேயை ஒரு துண்டாக வைத்தால் எண்களின் பைட்டுகள் போகாது. காற்புள்ளியிட்ட எழுத்துகளே போகும். ஸ்ட்ரிங்கை அரேக்குள் வைக்காமல் நேரே கொடுத்தால் மட்டும் டைப் எரர் வந்து உங்களை நிறுத்தும்.

ஆகவே ஆப்ஜெக்ட் என்றால் முதலில் ஜேசன் ஸ்ட்ரிங்காக்குங்கள். எண் வரிசை என்றால் டைப்டு அரேயாக்குங்கள். பிளாப் உருவான கையோடு அதன் சைஸ் பண்பை ஒருமுறை பாருங்கள். அங்கே 15 என்று தெரிந்தால் என்ன நடந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

2. யார் திறக்கப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்

நிரலைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இன்னொரு நிரல் படிக்கப் போகிறது என்றால் ஜேசன் போதும். கணக்குப் பிரிவில் இருப்பவர் எக்செலில் திறப்பார் என்றால் சிஎஸ்வி அல்லது உண்மையான எக்செல் கோப்பு வேண்டும். அச்சிட்டுக் கையெழுத்து வாங்கப் போகிறார்கள் என்றால் பிடிஎஃப். நமக்கு எழுத எளிது என்பதற்காக ஜேசனைக் கொடுத்தால், பெறுபவர் அதை நோட்பேடில் திறந்துவிட்டு நமக்கே போன் செய்வார். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாசிப்பவருக்கு உரியது.

3. ஜேசன் எதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிடும் என்று மனப்பாடமாக வைத்திருங்கள்

டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பரப்பிய ஜேசன் மிக எளிமையானது. ஸ்ட்ரிங், எண், உண்மை அல்லது பொய், நல், அரே, ஆப்ஜெக்ட் என்ற ஆறு வகைதான் அதற்குத் தெரியும். அந்த எளிமையால்தான் அது உலகெங்கும் பரவியது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் வகைகள் அதைவிட அதிகம்.

ஆப்ஜெக்டில் ஒரு புலத்தின் மதிப்பு அன்டிஃபைன்டாக இருந்தால், ஜேசனாக்கும் ஸ்ட்ரிங்கிஃபை செயல்பாடு அந்தப் புலத்தையே நீக்கிவிடும். அதே அன்டிஃபைன்ட் அரேக்குள் இருந்தால் நல் ஆகும். எண் அல்ல என்று வரும் கணக்கு விடையும் முடிவிலியும் நல் ஆகும். மேப்பும் செட்டும் உள்ளே எத்தனை பதிவுகள் இருந்தாலும் வெற்று ஆப்ஜெக்டாக வெளிவரும். ஃபைல், பிளாப் ஆகியவற்றை ஜேசனுக்குள் வைத்தாலும் வெற்று ஆப்ஜெக்டே கிடைக்கும். இவை எதற்கும் எச்சரிக்கை வராது. தன்னையே சுட்டும் ஆப்ஜெக்டுக்கும் பிக்இன்ட் எண்ணுக்கும் மட்டும் பிழை எழும்.

மௌனமாக இழப்பதுதான் ஆபத்து. மேப்பை அரேயாக மாற்றிக் கொடுங்கள். ஒரு புலத்துக்கு மதிப்பு இல்லை என்பதே ஒரு செய்தி என்றால் நல் என்று வெளிப்படையாக எழுதுங்கள். புலமே இல்லாததும் புலம் காலியாக இருப்பதும் வாசிப்பவருக்கு வேறு வேறு.

4. பிறந்த தேதிக்கு நேரம் கிடையாது

ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் ஆப்ஜெக்ட் ஜேசனாகும்போது உலகப் பொது நேரத்துக்கு மாறிவிடும். இந்தியாவும் இலங்கையும் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பவை. உங்கள் கணினியில் 2010 ஜூன் 15 நள்ளிரவு 0 மணி என்று வைத்திருந்த டேட், கோப்பில் 2010 ஜூன் 14, 18 மணி 30 நிமிடம் என்று பதிவாகும். வாசிக்கும் நிரல் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்தால், ஒரு குழந்தையின் பிறந்த நாள் ஒரு நாள் முன்னே போய்விடும். பள்ளிச் சேர்க்கையிலும் ஓய்வூதியக் கணக்கிலும் ஒரு நாள் என்பது சின்ன விஷயம் அல்ல.

பிறந்த தேதி, விடுமுறை, கெடு தேதி போன்றவற்றை ஆண்டு-மாதம்-நாள் என்ற ஸ்ட்ரிங்காகவே வைத்திருங்கள். பணம் கட்டிய நொடி, உள்ளே நுழைந்த நொடி போன்ற நிகழ்வுகளுக்கு மட்டும் உலகப் பொது நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

5. எண் போலத் தெரிவதெல்லாம் எண் அல்ல

ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகை, முழு எண்களை 9007199254740991 வரைக்கும்தான் பிசகாமல் காக்கும். அதற்கு மேல் 9007199254740993 என்று எழுதினால் 9007199254740992 என்றாகிவிடும். டேட்டாபேஸ் தரும் 64 பிட் அடையாள எண்கள் இந்த எல்லையை எளிதாகத் தாண்டும்.

எக்செலின் எல்லை இன்னும் குறுகியது. 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் இல்லை. 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தை அது 0 ஆக்கிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை அடுக்குக்குறி வடிவில் காட்டும். 0 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணின் 0 காணாமல் போகும்.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். அந்த எண்ணைக் கூட்டுவோமா, சராசரி பார்ப்போமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது எண் அல்ல, பெயர். ஜேசனில் மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக எழுதுங்கள். எக்செலுக்குப் போக வேண்டும் என்றால், கலத்தின் வகையை உரை என்று குறித்த உண்மையான எக்செல் கோப்பாகவே கொடுங்கள்.

6. தமிழ் எழுத்தைப் பைட்டில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிளாப் தனக்குள் வரும் ஸ்ட்ரிங்கை எப்போதும் யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்கும். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த முறை அது. அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

"தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும் நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதன் நீளம் 5, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். கோப்பில் அது 15 பைட். ஸ்ட்ரிங்கின் நீளத்தை வைத்துக் கோப்பின் அளவைக் கணக்கிட்டவர்கள் ஆங்கிலத் தரவில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். தமிழ்ப் பெயர் முதலில் வரும் அன்று மாட்டிக்கொள்வார்கள். அளவு வேண்டுமென்றால் பிளாப்பின் சைஸைக் கேளுங்கள், அல்லது டெக்ஸ்ட்என்கோடர் தரும் யூஇன்ட்8அரேயின் நீளத்தைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பேஸ்64 ஆக்கும் பழைய பிடுஏ செயல்பாட்டுக்கு லத்தீன் எழுத்துகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது. தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை எறியும். பிளாப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே எழுத்தாக்கினால், ஒரு தமிழ்க் குறியின் 3 பைட்டுக்கு நடுவே வெட்டு விழுந்து எழுத்து சிதையும். எல்லாப் பைட்டுகளையும் சேர்த்த பிறகு எழுத்தாக்குங்கள், அல்லது தொடர்ச்சியை நினைவில் வைத்திருக்கும் ஸ்ட்ரீம் முறையில் டெக்ஸ்ட்டிகோடரை இயக்குங்கள். நம் மொழியில் வரும் சோதனைத் தரவை நாம்தான் எழுத வேண்டும். வேறு யாரும் நமக்காக எழுத மாட்டார்கள்.

7. சிஎஸ்வியை எளிது என்று எண்ணாதீர்கள்

காற்புள்ளி போட்டு ஒட்டினால் சிஎஸ்வி ஆகிவிடும் என்று தோன்றும். முகவரிக்குள் காற்புள்ளி வந்தால் நெடுவரிசைகள் நகர்ந்துவிடும். கருத்துப் பெட்டியில் ஒருவர் வரி விட்டு எழுதியிருந்தால் ஒரு பதிவு இரண்டாக உடையும். 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 இதற்கு வழி சொல்கிறது: காற்புள்ளி, மேற்கோள் குறி, வரி முறிவு உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்; உள்ளே இருக்கும் மேற்கோளை இரண்டாக எழுதுங்கள்.

தமிழ் சிஎஸ்வியை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போது பெயர்கள் புரியாத குறிகளாகச் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை வைத்தால் இது யூடிஎஃப்-8 என்று எக்செல் அறிந்துகொள்ளும். இதற்கு பிஓஎம் என்று பெயர். பிளாப்பின் முதல் துண்டாக அதை வைத்துவிடுங்கள். ஆனால் ஜேசன் கோப்பில் வைக்காதீர்கள். வலையில் அனுப்பும் ஜேசனுக்கு பிஓஎம் சேர்க்கக் கூடாது என்று 2017இன் ஆர்எஃப்சி 8259 தெளிவாகச் சொல்கிறது. அது ஒட்டிக்கொண்ட ஸ்ட்ரிங்கை ஜேசன் பார்ஸ் ஏற்காது.

பயனர் தட்டச்சு செய்த புலம் =, +, -, @ ஆகிய குறிகளில் ஒன்றில் தொடங்கினால் எக்செல் அதைச் சூத்திரமாக இயக்கப் பார்க்கும். கெட்ட எண்ணம் கொண்டவர் இந்த வழியாக உங்கள் அலுவலரின் கணினியைத் தாக்கலாம். அத்தகைய உரைப் புலங்களின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி சேர்ப்பது வழக்கமான காப்பு.

8. பெயரை மாற்றினால் கோப்பு மாறாது

சிஎஸ்வி உரையைப் பிளாப்பில் வைத்து, வகையில் எக்செல் என்று எழுதி, கோப்புப் பெயரிலும் எக்செல் நீட்சியைப் போட்டுவிட்டால் எக்செல் கோப்பு ஆகிவிடாது. இன்றைய எக்செல் கோப்பு உண்மையில் எக்ஸ்எம்எல் கோப்புகள் அடங்கிய ஒரு ஜிப் தொகுப்பு. அதன் முதல் இரண்டு பைட் 80, 75. பிஎன்ஜி படம் என்றால் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்று தொடங்கும். திறக்கும் மென்பொருள் இவற்றைப் பார்க்கும். நாம் ஒட்டிய பெயரை நம்பாது.

பிளாப்பின் டைப் என்பது நாம் சொல்லும் ஒரு கூற்று மட்டுமே. பிரவுசர் அதை உள்ளடக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் சர்வர் பக்கம் எழுதும் நாளில் இதை மறக்காதீர்கள்: வந்த கோப்பின் பெயரையும் வகையையும் நம்பாமல் தொடக்கப் பைட்டுகளைச் சரிபாருங்கள்.

9. படத்தை ஜேசனுக்குள் திணிக்காதீர்கள்

மாணவர் விவரமும் ஒளிப்படமும் ஒரே கோரிக்கையில் போக வேண்டும் என்றால், பலர் படத்தைப் பேஸ்64 ஆக்கி ஜேசனுக்குள் வைக்கிறார்கள். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். 3 எம்பி படம் 4 எம்பி ஆகும். மொபைல் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒருவரிடம் அந்தக் கூடுதல் சுமையை ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

இந்தத் தேவைக்கு வழி பழையது. 1995இலேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் நெபெல், மாசின்டர் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1867 படிவத்தோடு கோப்பை அனுப்பும் முறையை வகுத்தது. இன்று அதை ஃபார்ம்டேட்டா செய்கிறது. விவரங்களை ஜேசன் ஸ்ட்ரிங்காக்கி, ஜேசன் வகை குறித்த பிளாப்பாக்கி ஒரு பகுதியாகச் சேருங்கள். படத்தை இன்னொரு பகுதியாகச் சேருங்கள். ஒவ்வொரு பகுதியும் தன் வகையைத் தானே சொல்லிக்கொண்டு போகும்.

இரண்டு நுணுக்கங்களைக் கவனியுங்கள். பெயர் தராமல் பிளாப்பைச் சேர்த்தால் சர்வரில் "பிளாப்" என்ற பெயரே போய்ச் சேரும். பெயரும் கடைசியாக மாறிய நேரமும் வேண்டும் என்றால் ஃபைல் ஆப்ஜெக்டை உருவாக்குங்கள். ஃபைல் என்பது இவ்விரண்டும் சேர்ந்த பிளாப்தான். அடுத்து, ஃபார்ம்டேட்டாவை ஃபெட்ச் மூலம் அனுப்பும்போது கன்டென்ட்-டைப் ஹெடரை நீங்கள் எழுதாதீர்கள். பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்கோட்டை பிரவுசர்தான் உருவாக்கி அந்த ஹெடரில் சேர்க்கிறது. நீங்கள் எழுதினால் எல்லைக்கோடு இல்லாமல் போய், சர்வரால் எதையும் பிரிக்க முடியாது.

10. வாங்கிய முகவரியைத் திருப்பிக் கொடுங்கள்

டவுன்லோடுக்காக கிரியேட்ஆப்ஜெக்ட்யூஆர்எல் மூலம் பிளாப்புக்கு ஒரு தற்காலிக முகவரி வாங்குகிறோம். அந்த முகவரி உயிரோடு இருக்கும்வரை பிளாப்பும் நினைவில் இருக்கும். பக்கத்தை மூடாமல் நாள் முழுக்க வேலை செய்யும் அலுவலகச் செயலியில், ஒவ்வொரு டவுன்லோடும் நினைவகத்தில் தங்கிக்கொண்டே போகும். டவுன்லோட் தொடங்கியதும், சற்று இடைவெளி விட்டு, ரிவோக்ஆப்ஜெக்ட்யூஆர்எல் அழைத்து விடுவித்துவிடுங்கள். அந்த முகவரியை வேறொருவருக்கு அனுப்பினால் திறக்காது. அது உங்கள் பிரவுசருக்குள் மட்டுமே செல்லும்.

பயனர் தந்த உள்ளடக்கத்தை எச்டிஎம்எல் வகையில் பிளாப்பாக்கி இந்த முகவரியில் திறக்காதீர்கள். அந்தப் பக்கம் உங்கள் தளத்தின் அதிகாரத்தோடு இயங்கும். அதில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்டும் அப்படியே இயங்கும்.

11. பெரிய தரவைத் துண்டு துண்டாகக் கொடுங்கள்

லட்சக்கணக்கான வரிகளை ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டிப் பிறகு பிளாப்பாக்கினால் நினைவகம் திணறும், திரை உறையும். குரோமின் வி8 எஞ்சினில் ஒரு ஸ்ட்ரிங்கின் நீளத்துக்குச் சுமார் 54 கோடி என்ற எல்லையும் உண்டு. பிளாப் துண்டுகளின் அரேயைத்தானே கேட்கிறது? சில ஆயிரம் வரிகளை ஒரு துண்டாக்கி அரேயில் சேர்த்துக்கொண்டே போங்கள். வரிக்கு ஒரு ஜேசன் என்று எழுதினால், வாசிப்பவரும் வரி வரியாகப் படிக்கலாம். இந்த வேலையை வெப் வொர்க்கருக்குள் செய்யுங்கள்; பிளாப்பை அங்கிருந்து முதன்மைப் பக்கத்துக்கு அனுப்ப முடியும்.

எண்கள் மட்டுமே கொண்ட பெரிய தரவு என்றால் டைப்டு அரே நன்மை தரும். 23.456789 என்பது ஜேசனில் 9 பைட். ஃப்ளோட்32 வடிவில் துல்லியம் சற்றுக் குறைந்தாலும் 4 பைட். அப்போது பைட் வரிசையை எழுதிவைக்க மறக்காதீர்கள். டேட்டாவியூ, நாம் வேறு சொல்லாவிட்டால், பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் எழுதும். டைப்டு அரே கணினியின் வழக்கப்படி எழுதும். பெரும்பாலான கணினிகளில் சிறியது முதலில். ஒருவர் ஒரு வரிசையில் எழுதிய 1 என்ற 4 பைட் எண், மறு வரிசையில் படிப்பவருக்கு 16777216 ஆகத் தெரியும்.

12. கட்டியதை நீங்களே அவிழ்த்துப் பாருங்கள்

பிளாப்பின் டெக்ஸ்ட் அல்லது அரேபஃபர் செயல்பாட்டை அழைத்து உள்ளடக்கத்தைத் திரும்ப எடுங்கள். ஜேசன் பார்ஸ் செய்யுங்கள். தொடங்கிய தரவோடு புலம் புலமாக ஒப்பிடுங்கள். இந்தச் சோதனையை ஒருமுறை கையால் செய்துவிட்டு விடாமல், தானியங்கிச் சோதனையாக எழுதி வையுங்கள். நோட் ஜேஎஸ் 18ஆம் பதிப்பிலிருந்து பிளாப்பும், 20ஆம் பதிப்பிலிருந்து ஃபைலும் எங்கும் நேரடியாகக் கிடைக்கின்றன. ஆகவே பிரவுசர் இல்லாமலும் சோதிக்கலாம்.

சோதனைத் தரவில் இவை கட்டாயம் இருக்கட்டும்: ஒரு தமிழ்ப் பெயர், காற்புள்ளியும் மேற்கோளும் உள்ள முகவரி, வரி முறிவுள்ள குறிப்பு, 0 என்று தொடங்கும் எண், 16 இலக்க எண், நள்ளிரவுத் தேதி, மதிப்பில்லாத புலம், பதிவே இல்லாத பட்டியல். பிறகு கோப்பை உண்மையில் திறக்கப் போகிறவரின் கணினியில், அவர் பயன்படுத்தும் மென்பொருளிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் பிரவுசரில் சரியாக இருப்பது பாதி வழிதான்.

கோப்பின் தொடக்கத்தில் வடிவத்தின் பதிப்பு எண்ணையும் ஒரு புலமாக எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு புலங்கள் மாறும். பழைய கோப்பைப் படிக்க வேண்டியவர் வேறொருவராக இருப்பார். எந்த விதிப்படி படிப்பது என்று அவருக்கு அந்த ஓர் எண் சொல்லிவிடும்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தப் பன்னிரண்டையும் ஒரே நாளில் பழக வேண்டியதில்லை. அடுத்த முறை பிளாப் உருவாக்கும் வரியை எழுதும்போது, அதற்கு முந்தைய வரியில் கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே போவது என்ன வடிவம், யார் படிப்பார், எது விட்டுப்போகும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் அடுத்த வரியை எழுதுங்கள். பதில் இல்லையென்றால், கோப்பைப் பெறப்போகிறவரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.